இரண்டு கை, இரண்டு பிள்ளை: நீச்சல் குளத்தில் ஒரு வேலைநாள்

இங்கிலாந்தில் பிள்ளைகளைத் தன் வீட்டில் வைத்துப் பார்க்கப் பதிவு பெற்ற சைல்ட்மைண்டர் ஒருவர் எட்டு வயதுக்குட்பட்ட 6 பிள்ளைகளை ஒரே நேரத்தில் பார்த்துக்கொள்ளலாம். அதில் பள்ளி வயதுக்கு வராத சிறுசுகள் 3 பேர் வரை இருக்கலாம். இந்தக் கணக்கை நம்பி, இரண்டு வயது இரட்டையரைத் தள்ளுவண்டியில் உட்கார்த்தி உள்ளூர் நீச்சல் குளத்துக்குத் தனியாகப் போனால் டிக்கெட் கவுண்டரைத் தாண்ட முடியாமல் போகலாம். நான்கு வயதுக்குட்பட்ட பிள்ளை ஒன்றுக்குப் பெரியவர் ஒருவர் என்பது அங்கே பல குளங்களின் விதி. பத்து வருட அனுபவசாலிக்கும் அதே விதி. பெற்ற தாய்க்கும் அதே விதி.

கவுண்டரில் வாதாடிப் பயனில்லை. அவர்கள் எண்ணுவது கைகளை. ஈரத் தரையில் நழுவும் இரண்டு பிள்ளைகளைப் பிடிக்கவே இரண்டு கையும் போய்விட்டால், லாக்கரைத் திறக்கவும் நாப்பி மாற்றவும் விழுந்த பிள்ளையைத் தூக்கவும் கை மிஞ்சாது. பிள்ளை பார்ப்பதைத் தொழிலாகச் செய்பவர், சைல்ட்மைண்டரோ குழந்தையின் வீட்டுக்கே போய்ப் பார்க்கும் நானியோ, குளத்துப் பயணத்தை இந்தக் கைக்கணக்கிலிருந்துதான் தொடங்க வேண்டும்.

முதலில் பேசி முடிக்க வேண்டியவை

குளத்துக்குத் தொலைபேசியில் பேசி மூன்று கேள்வி கேளுங்கள். இரண்டு வயதுப் பிள்ளைகள் இருவருக்கு எத்தனை பெரியவர்கள் வர வேண்டும்? சின்னக் குளம் எந்த நேரத்தில் திறந்திருக்கும், தண்ணீர் எத்தனை டிகிரி? குடும்பங்களுக்கான பெரிய உடைமாற்று அறை உண்டா? நீந்துவோருக்கான பெரிய குளம் பெரும்பாலும் 28 டிகிரி அளவில்தான் இருக்கும். அதில் இரண்டு வயதுப் பிள்ளைக்குக் கொஞ்ச நேரத்தில் உதடு நீலம் பாய்ந்துவிடும். கற்றுக்கொடுக்கும் சின்னக் குளத்தில் 30 முதல் 32 டிகிரி வரை வைத்திருப்பார்கள். உங்களுக்கு வேண்டியது அதுதான்.

பிறகு பெற்றோர். அனுமதி எழுத்தில் இருக்கட்டும். நுழைவுக் கட்டணமும் துணைக்கு வருபவருக்கான கூலியும் யார் பொறுப்பு என்பதும் அதிலேயே இருக்கட்டும். உங்கள் காப்புறுதி நீச்சல் பயணத்தையும் உள்ளடக்குகிறதா என்று கேட்டு உறுதிசெய்யுங்கள். சைல்ட்மைண்டருக்குக் கட்டாயமான 12 மணி நேரக் குழந்தை முதலுதவிப் பயிற்சியை மூன்று ஆண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். உங்கள் சான்றிதழின் தேதியை இன்றே எடுத்துப் பாருங்கள்.

உங்களுக்கு நீந்தத் தெரியாவிட்டால் அதை முதல் நாளே சொல்லிவிடுங்கள். நம்மில் பலர் கிணற்றையும் கடலையும் பார்த்து வளர்ந்தும் நீந்தப் பழகாதவர்கள். அதைச் சொல்வதில் வெட்கம் இல்லை, மறைப்பதில்தான் ஆபத்து.

வேலை கொடுத்தவர், “மற்ற நானிகள் தனியாகத்தானே கூட்டிப்போகிறார்கள்” என்று நெருக்கினால் நீட்டி விளக்கப் போக வேண்டாம். “ஆளுக்கு ஒரு பிள்ளை என்பது குளத்தின் விதி. இன்னொரு ஆள் வந்தால் நாளைக்கே கூட்டிப்போகிறேன்.” இவ்வளவு போதும். மறுத்ததாகவும் இருக்காது, வழி காட்டியதாகவும் இருக்கும்.

துணை வந்தால் பொறுப்பைப் பிரியுங்கள்

துணைக்கு இன்னொரு சைல்ட்மைண்டரோ உங்கள் உதவியாளரோ பாட்டியோ வரலாம். ஆள் இரண்டானதும் வேறொரு ஆபத்து முளைக்கிறது: அவர் பார்க்கிறார் என்று இவரும், இவர் பார்க்கிறார் என்று அவரும் இருந்துவிடுவது. அதனால் கதவைத் தாண்டும்போதே வாய்விட்டுப் பிரித்துக்கொள்ளுங்கள். “அக்கா, சிவப்பு உங்களிட்ட, மஞ்சள் என்னிட்ட.” இடையில் கைமாற்ற நேர்ந்தால் அதையும் சொல்லுங்கள்: “மஞ்சளையும் பாருங்கோ, நான் லாக்கருக்குப் போறன்.” எதிரில் இருப்பவர் “சரி, ரெண்டும் என்னிட்ட” என்று பதில் சொன்ன பிறகுதான் நகர வேண்டும். தலையாட்டல் கணக்கில் சேராது.

சிவப்பு, மஞ்சள் என்று சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. ஒரே அச்சில் வார்த்த இரட்டையருக்கு ஒரே நிற நீச்சலுடை போட்டால் பார்க்க அழகுதான். ஆனால் ஒரு பிள்ளையையே இரண்டு தடவை பார்த்துவிட்டு இருவரையும் பார்த்ததாகக் கண் நம்பிவிடும். வெவ்வேறு நிறம் போடுங்கள், இரண்டும் பளிச்சென்று இருக்கட்டும். வெளிர்நீலமும் வெள்ளையும் தண்ணீரில் கரைந்துபோகும்.

பையில் என்ன

தோளில் மாட்டும் பை ஒன்று போதும். கையில் தூக்கும் பை ஒரு கையைத் தின்றுவிடும்.

- பிள்ளைக்கு இரண்டு வீதம் நீச்சல் நாப்பி. அதன் மேல் போடும் இறுக்கமான நியோப்ரீன் உறை, பிள்ளைக்கு ஒன்று. பல குளங்கள் இந்த இரட்டை அடுக்கைக் கேட்கின்றன.
- தலை மூடும் தொப்பி வைத்த துவாலை இரண்டு. உங்களுக்கு முழுநீளத் துவாலை அங்கி ஒன்று.
- பிள்ளைக்கு ஒரு பையாகப் பிரித்துக் கட்டிய மாற்றுடை. உள்ளே போட வேண்டியது மேலே வரும்படி அடுக்குங்கள்.
- லாக்கருக்கான நாணயம். சட்டைப் பையில் தனியாக இருக்கட்டும்.
- வாழைப்பழமோ ரொட்டித் துண்டோ. திராட்சை என்றால் நீளவாக்கில் நாலாக வெட்டியது. முழுத் திராட்சை இந்த வயதில் தொண்டையை அடைக்கும்.

காற்றடைத்த கைப்பட்டைகளைக் கொண்டுபோனாலும் அவற்றை உயிர்காக்கும் கருவியாக எண்ண வேண்டாம். அவை பழகுவதற்கான துணை மட்டுமே. பட்டை போட்ட பிள்ளையும் கையெட்டும் தூரத்தில்தான் இருக்க வேண்டும்.

உங்கள் உடை: நீச்சலுடை போடக் கூச்சம் என்றே பலர் இந்த வேலையைத் தட்டிக்கழிக்கிறார்கள். முழுக்கை மேலுடையும் கணுக்கால் வரை வரும் நீச்சல் லெகின்ஸும் பெரும்பாலான குளங்களில் ஏற்கப்படும். பருத்திச் சுரிதார் மட்டும் வேண்டாம். நனைந்தால் கனத்துக் காலைச் சுற்றும். வளையல் பிள்ளையின் தோலைக் கீறும். கழுத்துச் சங்கிலியைப் பிடித்துத் தொங்குவதில் இரண்டு வயதுக்காரர்கள் கெட்டிக்காரர்கள். கழற்ற மனமில்லாத தாலிக்கொடியை மேலுடைக்குள் விட்டுக் கழுத்துவரை மூடிக்கொள்ளுங்கள்.

உள்ளே போகும் வரிசை

உங்கள் நீச்சலுடையை வீட்டிலேயே உள்ளே போட்டுக்கொண்டு கிளம்புங்கள். பிள்ளைகளுக்கும் நீச்சலுடை போட்டுவிடலாம், ஆனால் சாதாரண நாப்பியோடு. நீச்சல் நாப்பி மலத்தைத் தடுக்குமே தவிர சிறுநீரைத் தாங்காது. அதைக் குளத்தில் இறங்குவதற்குச் சற்று முன்தான் மாற்ற வேண்டும்.

அறைக்குள் நுழைந்ததும் தாழ்ப்பாள். அடுத்து நீங்கள் நீச்சலுடைக்கு மேல் போட்டிருப்பதைக் கழற்றித் தயாராகுங்கள். பிள்ளைகள் கடைசி. தயாரான பிள்ளை காத்திருக்காது, ஓடும். இருக்கையில் நிறுத்தி உடை மாற்றாமல் தரையில் பாயோ துவாலையோ விரித்து உட்காரவைத்து மாற்றுங்கள். தரையிலிருந்து யாரும் விழ முடியாது. கைப்பேசி லாக்கருக்குள் போய்விட வேண்டும். உடைமாற்றும் இடத்தில் அதை வெளியே எடுத்தாலே உங்கள் வேலைக்கு வினை.

தண்ணீரில்

முதலில் நீங்கள் இறங்குங்கள்; பிள்ளை கரையில் உட்கார்ந்திருந்து உங்களிடம் வர வேண்டும். சரிவாக இறங்கும் குளமென்றால் முழங்காலளவுத் தண்ணீரில் நீங்களே உட்கார்ந்துவிடுங்கள். இரட்டையரில் பெரும்பாலும் ஒன்று துணிச்சல், ஒன்று பயம். அழுகிற பிள்ளையிடம் எல்லாக் கண்களும் போகும். அந்த நேரத்தில் துணிச்சல்காரன் ஆழத்தை நோக்கி நடந்துகொண்டிருப்பான். பிரித்துக்கொண்ட பொறுப்பு இங்கேதான் காப்பாற்றும். எந்தப் பிள்ளை அழுதாலும் உங்கள் கண் உங்கள் நிறத்தில்.

மூழ்குகிறவர் கத்துவார், கையை ஆட்டுவார் என்று நினைக்க வேண்டாம். நியூயார்க்கின் ஆர்ச்சர்ட் கடற்கரையில் லைஃப்கார்டாக இருந்த பிராங்க் பியா, மூழ்குவோரைப் படம்பிடித்து ஆராய்ந்து 1970-களில் சொன்னது இது: அவர்களால் கூப்பிட முடியாது, நீரின் மேல்மட்டத்தில் 20 முதல் 60 வினாடி வரை சத்தமில்லாமல் திணறிவிட்டு உள்ளே போய்விடுவார்கள். தலை கனத்த சிறுபிள்ளை முகங்குப்புற விழுந்தால் அந்தத் திணறல்கூட இருக்காது. லைஃப்கார்ட் இருக்கிறாரே என்று விடுவதற்கு இடமில்லை. அவர் குளம் முழுவதையும் பார்க்கிறார், நீங்கள் ஒரே பிள்ளையை.

அரை மணி நேரம் போதும். சிரித்துக்கொண்டிருக்கும்போதே கிளம்புங்கள். நடுங்கத் தொடங்கிய பிறகு வெளியேற்றினால் உடைமாற்றும் அறையில் இரண்டு அழுகைகளோடு மல்லுக்கட்ட வேண்டிவரும்.

வெளியே வருவதுதான் பரீட்சை

உள்ளே போகும்போது எல்லோரும் உலர்ந்து, வயிறு நிறைந்து, ஆசையோடு இருந்தார்கள். இப்போது எல்லோரும் ஈரம், பசி, களைப்பு. நழுவுவதும் விழுவதும் காணாமல் போவதும் இந்த இருபது நிமிடத்தில்தான். வரிசையை மாற்றாதீர்கள்.

துவாலை: கரையேறியதுமே தொப்பித் துவாலையை மாட்டுங்கள். கைப்பிடித்து நடத்திக் கூட்டிப்போங்கள்; ஈரப் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஈரத் தரையில் நடந்தால் இருவரும் சேர்ந்து விழ வாய்ப்பு உண்டு.

குளியல்: குளோரின் போக ஒரு நிமிடம். சுடுநீரின் சூட்டை முதலில் உங்கள் கையில் பாருங்கள்.

தாழ்ப்பாள், உணவு: அறைக்குள் போய்த் தாழிட்டதும் இருவரையும் தரையில் உட்காரவைத்து வாழைப்பழத்தைக் கொடுங்கள். வாயும் கையும் வேலையாக இருக்கும் பிள்ளை எழுந்து ஓடாது. உட்கார்ந்தே தின்னட்டும், ஓடிக்கொண்டே தின்றால் புரையேறும்.

அங்கி: நீங்கள் துவாலை அங்கியைப் போட்டுக்கொள்ளுங்கள். ஐந்து வினாடி வேலை. அது இல்லாமல் குளிரில் நடுங்கிக்கொண்டு மாட்டும் பொத்தான் ஒன்றும் சரியாக விழாது.

உடை: அதிகம் நடுங்குகிற பிள்ளை முதலில். ஒவ்வொரு முறையும் மூத்தவருக்கே முதலிடம் என்று பழக்கினால் அடுத்த முறை நடுங்கும் இளையவர் காத்திருக்க நேரும். உடை போட்ட பிள்ளையைத் தள்ளுவண்டியில் உட்காரவைத்து வாரைப் பூட்டுங்கள். வண்டியை உள்ளே விடாத குளமென்றால் சுவருக்கும் உங்களுக்கும் நடுவில் உட்காரவையுங்கள்.

நீங்கள்: கடைசி. அங்கிக்கு மேல் கோட் மாட்டிக்கொண்டு வீட்டுக்கு வந்து மாற்றினாலும் யாரும் ஒன்றும் சொல்லப் போவதில்லை. பூட்டு பிள்ளைகளின் கைக்கெட்டாத உயரத்தில் இல்லை என்றால் உங்கள் முதுகைக் கதவில் சாய்த்துக்கொண்டே உடுத்துங்கள்.

திரும்பிய பிறகு

தண்ணீரில் அரை மணி என்றாலும் மொத்தப் பயணத்துக்கு இரண்டு மணி நேரம் ஒதுக்குங்கள். பிள்ளைகளின் பகல் தூக்கத்துக்கு முன் வீடு வந்து சேருங்கள். அன்றைய குறிப்பேட்டில் போன நேரம், தின்றது, அழுதது எல்லாம் எழுதுங்கள். முழங்கால் சிராய்ப்பு என்றாலும் விபத்துப் பதிவில் ஏற்றி, அன்றே பெற்றோரிடம் சொல்லுங்கள். மாலையில் தாய் உடம்பு துடைக்கும்போது தானாகக் கண்டுபிடித்தால், பத்து மாத நம்பிக்கை ஒரு சிராய்ப்பில் போய்விடும்.

வயிற்றோட்டம் இருந்தால் போகவே வேண்டாம். நின்ற பிறகும் 48 மணி நேரம் பொறுக்க வேண்டும். கிரிப்டோஸ்போரிடியம் என்று மருத்துவர் சொல்லியிருந்தால் நின்ற நாளிலிருந்து 14 நாள். அந்தக் கிருமி குளோரினுக்கு எளிதில் சாகாது. இரட்டையரில் ஒருவருக்கு வந்தால் மற்றவரையும் தனியாகக் கூட்டிப்போகாதீர்கள்.

முதல் இரண்டு முறை களைத்துப்போவீர்கள். ஆனால் துவாலை, குளியல், தாழ்ப்பாள், வாழைப்பழம் என்ற வரிசை மாறாமல் வந்துகொண்டிருந்தால் பிள்ளைகளுக்கும் அது பாடமாகிவிடும். ஒருநாள் தாழ்ப்பாள் விழுந்த சத்தம் கேட்டதுமே இருவரில் ஒன்று தானாகப் போய்ச் சுவரோரம் உட்கார்ந்து வாழைப்பழத்துக்குக் கை நீட்டும். அன்றைக்கு உங்களுக்கு ஒரு கை மிச்சம்.