வளைகாப்புக்கு வெகுமுன்பே முடிந்த வேலை

"கிரகணத்தன்னிக்கு வெளியே போனா, அதான் பிள்ளைக்குக் குடல் ஒட்டிக்கிச்சு." பச்சிளங்குழந்தைகள் அறுவைப் பிரிவின் வாசலில் இதைக் கேட்டுக் கேட்டுக் காது புளித்துவிட்டது. கிரகணம் அகப்படாவிட்டால் பப்பாளி. அதுவும் இல்லையென்றால் ஏழாம் மாதம் தூக்கிய தண்ணீர்க் குடம். பெற்றவள் தலைகுனிந்து நிற்பாள். சொல்லும் மாமியார் மேல்கூட எனக்கு அவ்வளவு கோபமில்லை. பக்கத்தில் நின்று தலையாட்டும் படித்த கணவர் மேல்தான்.

கணக்குப் பாருங்கள். கரு தரித்த ஐந்தாம், ஆறாம் வாரங்களில் முன்சிறுகுடலின் உட்சுவர்ச் செல்கள் பெருகி, குழாயின் வழி தூர்ந்துபோகிறது. எல்லோருக்கும்தான், உங்களுக்கும் அப்படித்தான் இருந்தது. எட்டாம் வாரவாக்கில் வழி மறுபடி திறக்கிறது. திறக்காவிட்டால் பிறவி அடைப்பு. வியன்னா உடற்கூறியலாளர் யூலியஸ் டாண்ட்லர் 1900-இல் முன்வைத்த விளக்கம் இது. அதே காலத்தில் கணையம் இரண்டு மொட்டுகளாக முளைக்கிறது. சிறிய மொட்டு குடலோடு சேர்ந்து திரும்பிப் பின்புறம் போய், ஏழாம் வாரத்தில் பெரியதோடு இணைகிறது. அந்தத் திருப்பத்தில் பிசகினால் கணையமே குடலை வளையமாகச் சுற்றிக்கொள்ளும். வளைகாப்பு நடக்கும்போது இதெல்லாம் முடிந்து நான்கு மாதம் தாண்டியிருக்கும். குடம் எங்கே வந்தது?

கிரகண நிழல் ஊரிலுள்ள அத்தனை கர்ப்பிணிகள் மேலும்தான் விழுந்தது. முன்சிறுகுடல் அடைப்போ ஐயாயிரம் முதல் பத்தாயிரம் பிறப்புகளில் ஒன்றுக்குத்தான் வருகிறது. அந்த அடைப்போடு பிறப்பவர்களில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்குக் குழந்தைகளுக்கு டவுன் நோய்க்குறி இருக்கிறது. அது குரோமோசோம் விஷயம்; பப்பாளி அங்கே எட்டாது.

குடலின் கீழ்ப்பகுதி அடைப்புகள் பிந்தியும் வரலாம், உண்மைதான். கேப் டவுனில் அறுவை மருத்துவர்கள் லோவும் பர்னார்டும் (ஆம், பின்னாளில் இதயமாற்று செய்த அதே பர்னார்டு) நாய்க்கருக்களின் குடல் ரத்தக்குழாயைக் கட்டி 1955-இல் அதைக் காட்டினார்கள். அங்கேயும் காரணம் குடமல்ல, ரத்த ஓட்டம் தடைபடுவதுதான்.

மற்றவை சில்லறை. 'வளையக் கணையம் என்றால் சர்க்கரை நோய்' என்கிறார்கள். இல்லை, அந்த வளையத்தை நாங்கள் வெட்டுவதுமில்லை, குடலுக்கு மாற்றுவழி போடுகிறோம். 'ஆபரேஷன் செய்தாலும் பிழைக்காது' என்பதும் பொய்; நல்ல வசதியுள்ள மையங்களில் பத்தில் ஒன்பதுக்கு மேல் பிழைக்கின்றன. கணையக் குழாய்கள் இணையவில்லை என்று ஸ்கேனில் எழுதியிருந்தால் பதற வேண்டாம். நூற்றில் ஐந்து முதல் பத்துப் பேர் அப்படித்தான் இருக்கிறார்கள், பெரும்பாலோருக்கு ஒரு தொந்தரவும் கிடையாது.

உண்மையில் கெடுதல் செய்வது, பிறந்ததும் சேனை என்று நாக்கில் தடவும் தேனும் சர்க்கரைத் தண்ணீரும். அடைபட்ட குடலில் அது எங்கே இறங்கும்? வாந்தி வந்தால் 'சளி கக்குது' என்று உரை மருந்து வேறு. சேனையை அடியோடு விடுங்கள், தாய்ப்பால் போதும். வாந்தி பச்சையாக இருந்தால் அதையும் நிறுத்திவிட்டு, விடியட்டும் என்று காத்திராமல், குழந்தைகள் அறுவை மருத்துவர் உள்ள மருத்துவமனைக்குத் தூக்கிக்கொண்டு ஓடுங்கள். குடல் முறுக்கிக்கொண்டிருந்தால் சில மணி நேரத்தில் அழுகிவிடும்.