பேத்தை மீனுக்குத் துணை யார்?

பெங்களூரில் கடல் இல்லை. ஆனாலும் கடலோரத்து மீன்கள் இங்கே விற்பனைக்கு வருகின்றன. சிவாஜி நகர் பக்கம் வண்ண மீன் கடைகள் உண்டு. அங்கே கட்டைவிரல் அளவில் ஒரு மீனைப் பார்க்கலாம். முதுகு பச்சை. அதில் கறுப்புப் புள்ளிகள். வயிறு வெள்ளை. பயந்தால் தண்ணீரை விழுங்கிப் பந்துபோல் உப்பும். கடற்கரை ஊர்களில் இதைப் பேத்தை என்பார்கள். கடையில் பஃபர் என்பார்கள்.

கடைக்கு ஓர் அம்மா வருகிறார்.

“அண்ணா, இந்தப் புள்ளி மீன் ஒண்ணு, கப்பி மீன் ஆறு கொடுங்க. ஒரே தொட்டியிலே விடணும்.”

“வேண்டாம்மா. ஒரு வாரத்திலே கப்பிக்கு வால் இருக்காது.”

கடைக்காரர் ஏன் அப்படிச் சொன்னார்?

முதலில் தண்ணீரைப் பார்ப்போம்

ஆறு கடலில் சேரும் இடம் முகத்துவாரம். அங்கே நல்ல தண்ணீரும் உப்புத் தண்ணீரும் கலக்கின்றன. இதற்கு உவர்நீர் என்று பெயர். பழவேற்காடு ஏரியும் பிச்சாவரமும் இப்படிப்பட்ட இடங்களே. புள்ளிப் பேத்தை உவர்நீரில் வாழும் மீன். குழாய்த் தண்ணீரில் சில மாதம் உயிரோடு இருக்கும். பிறகு மெலியும், நோயில் விழும்.

உப்பை அளக்க ஹைட்ரோமீட்டர் என்ற கருவி உண்டு. அதில் எண்களைப் படிக்க வேண்டும்.

நல்ல தண்ணீர்: 1.000
சிறிய பேத்தைக்கு: 1.005 முதல் 1.010 வரை
கடல் தண்ணீர்: சுமார் 1.025

மீன் வளர வளர உப்பையும் மெதுவாகக் கூட்ட வேண்டும். சமையல் உப்பு இதற்கு உதவாது. கடல் மீன் தொட்டிக்கென்று விற்கும் உப்பையே வாங்க வேண்டும். காவிரிக் குழாய்த் தண்ணீரில் குளோரின் இருக்கும். அதை நீக்கும் மருந்தைக் கலந்த பிறகே தண்ணீரைத் தொட்டியில் ஊற்ற வேண்டும். தொட்டித் தண்ணீர் ஆவியாகிக் குறையும். ஆனால் உப்பு ஆவியாகாது. எனவே குறைந்த அளவுக்கு உப்பில்லாத தண்ணீரையே ஊற்ற வேண்டும்.

அடுத்து வாயைப் பார்ப்போம்

பேத்தைக்கு மேலே இரண்டு பல், கீழே இரண்டு பல். அவை சேர்ந்து கிளி மூக்குப்போல் இருக்கும். பற்கள் வளர்ந்துகொண்டே இருக்கும். நத்தை, ஓட்டோடு இறால், சிறு நண்டு இவற்றைக் கடித்தால்தான் பல் தேயும். தேயாவிட்டால் வாயைத் திறக்க முடியாது. மீன் பட்டினியால் சாகும்.

இந்தப் பல்தான் மற்ற மீன்களுக்கு ஆபத்து. மெதுவாக நீந்தும் மீனின் வாலையும் துடுப்பையும் பேத்தை கடித்துவிடும்.

யார் சேரக் கூடாது?

கப்பி: உவர்நீரைத் தாங்கும். ஆனால் நீண்ட வால். கடிபடும்.
தங்க மீன், ஏஞ்சல்: நல்ல தண்ணீர் மீன்கள். உப்பும் ஆகாது, பேத்தையும் ஆகாது.
இறால், நத்தை: இவை துணை அல்ல, தீனி.
குட்டைப் பேத்தை: கேரளத்து ஆறுகளிலும் தென் கர்நாடகத்திலும் வாழ்வது. சுமார் 3 சென்டிமீட்டர்தான் வளரும். பேரில் பேத்தை. ஆனால் நல்ல தண்ணீர் மீன். அதன் தொட்டியில் உப்பு சேர்க்கக் கூடாது.

யார் சேரலாம்?

ஸ்கேட், மோனோ என்ற இரண்டு மீன்கள் உண்டு. இரண்டும் உவர்நீர் மீன்கள். வேகமாக நீந்தும். பேத்தையிடம் எளிதில் அகப்படாது. ஆனால் இரண்டும் ஓர் அடி வரை வளரக்கூடியவை. கூட்டமாக இருக்க விரும்பும். மிகப் பெரிய தொட்டி வேண்டும்.

புள்ளிப் பேத்தையும் 15 சென்டிமீட்டர் வரை வளரும். பத்து ஆண்டுக்கு மேலும் வாழும். அது ஒன்றுக்கே 100 லிட்டருக்குக் குறையாத தொட்டி தேவை. எனவே வீட்டில் சிறிய தொட்டி வைத்திருப்பவருக்கு ஒரே விடைதான்: பேத்தையைத் தனியாக வளர்ப்பதே நல்லது. துணை இல்லை என்று அது வருந்தாது.

இதைச் சொன்னால் கடைக்காரருக்கு ஆறு மீன் விற்பனை குறையும். ஆனால் மீன் செத்தால் அந்த அம்மா மறுபடி அந்தக் கடைக்கு வருவாரா?

கவனம்

பேத்தையின் உடலில் கொடிய விஷம் உண்டு. சமைத்தாலும் விஷம் போகாது. இதற்கு மாற்று மருந்தும் இல்லை. பேத்தையைத் தின்னக் கூடாது. உப்புவதைப் பார்க்க வேண்டும் என்று பயமுறுத்தக் கூடாது. தண்ணீருக்கு வெளியே எடுத்தால் காற்றை விழுங்கிச் செத்துப்போகலாம். வேண்டாத மீனை ஏரியில் விடவும் கூடாது.

பயிற்சி

1. உவர்நீர் என்றால் என்ன?
2. பேத்தைக்கு ஓடுள்ள தீனி ஏன் தேவை?
3. கப்பி உப்பைத் தாங்கும். பிறகு ஏன் பேத்தையோடு சேரக் கூடாது?
4. ஓர் அட்டையில் மீனின் பெயர், உப்பின் அளவு, சேரக் கூடாத மீன்கள் மூன்றையும் எழுதுங்கள். தொட்டியின் மேல் ஒட்டுங்கள்.