பத்துமலைக் கல்லும் வீட்டுக் குழாய்த் தண்ணீரும்

"அக்கா, உங்க வீட்டுப் பைப் தண்ணி எவ்வளவு மோசம்னு பார்க்கிறீங்களா? காசு வேணாம், சும்மா டெஸ்ட்தான்."

தாமான்களிலும் அடுக்குமாடி வீடுகளிலும் வாசலில் அடிக்கடி கேட்கும் குரல் இது. வந்தவர் இரண்டு கண்ணாடிக் குவளைகளை மேசைமேல் வைக்கிறார். ஒன்றில் நம் குழாய்த் தண்ணீர், மற்றதில் அவருடைய கருவி வடிகட்டிய தண்ணீர். இரண்டிலும் உலோகக் கம்பிகளை இறக்கி மின்சாரம் பாய்ச்சுகிறார். கொஞ்ச நேரத்தில் நம் குவளை சாக்கடை நிறத்துக்கு மாறுகிறது. அவருடைய குவளையோ தெளிவாகவே இருக்கிறது.

"பார்த்தீங்களா? இதுதான் ஹார்ட் வாட்டர். வாஷிங் மெஷின், ஹீட்டர் எல்லாம் இதாலதான் கெட்டுப் போகுது."

அம்மா பயந்துபோய்க் கையெழுத்துப் போடுகிறார். பிறகு மாதாமாதம் தவணை. வீட்டில் படித்த பிள்ளைகள் இருந்தும் இது நடக்கிறது. அதனால்தான் இந்த மாதம் இந்தப் பாடம்.

கடினநீர் என்றால் என்ன?

பத்துமலையில் 272 படிகள் ஏறிக் குகைக்குள் நின்று அண்ணாந்து பாருங்கள். கூரையிலிருந்து கூம்பு கூம்பாகக் கல் தொங்கும். அதுதான் நம் பாடப்புத்தகம்.

மழைநீர் காற்றிலும் மண்ணிலும் உள்ள கரியமில வாயுவைக் கரைத்துக்கொண்டு இலேசான அமிலமாகிறது. அது சுண்ணாம்புக்கல் வழியே இறங்கும்போது கால்சியத்தையும் கரைத்துக்கொள்கிறது. குகைக்கூரைக்கு வந்து சேர்ந்ததும் வாயு பிரிந்து போகிறது. கரைந்திருந்த சுண்ணாம்பு மறுபடியும் கல்லாகப் படிகிறது. குகையில் இதற்கு ஆயிரக்கணக்கான ஆண்டுகள் ஆகும்.

கெட்டலில் அதே வேலையைச் சூடு சில நிமிடங்களில் செய்துவிடும். கால்சியமும் மெக்னீசியமும் அதிகம் கரைந்த நீரே கடினநீர். அதைக் காய்ச்சினால் வாயு வெளியேறி, அடியில் வெள்ளைப் படிவு சேரும். அந்தப் படிவு ஹீட்டர் கம்பியைப் போர்வை மாதிரி மூடிக்கொள்வதால் சூடு தண்ணீருக்குப் போகாமல் கம்பியிலேயே தங்குகிறது. மின்சாரம் வீணாகும், கடைசியில் கம்பியும் எரிந்துபோகும். சவர்க்காரமும் நுரைக்காது. ஆனால், கடினநீரைக் குடிப்பதால் உடலுக்குக் கெடுதல் என்று உலகச் சுகாதார நிறுவனம் எந்த வரம்பும் விதிக்கவில்லை.

இது யாருடைய பிரச்சினை?

பிரிக்பீல்ட்ஸ் ஸ்காட் சாலைக் கந்தசுவாமி கோயிலுக்கு வரும் இலங்கைத் தமிழ்ப் பெரியவர்களைக் கேட்டுப் பாருங்கள். அவர்களின் பூர்வீகமான யாழ்ப்பாணக் குடாநாடு சுண்ணாம்புக்கல் நிலம். அங்கே கிணற்று நீர்தான் ஆதாரம், அது கடினநீர். சென்னையிலும் பல பகுதிகளில் போர் தண்ணீர் அப்படித்தான். அங்கே ஹீட்டரில் படிவு சேர்வது அன்றாடச் சங்கதி.

"கோலாலம்பூருக்கு அடியிலும் சுண்ணாம்புக்கல்தானே? அப்படின்னா நம்ம தண்ணியும்?" என்று கேட்கலாம். நல்ல கேள்வி. ஆனால், நாம் குடிப்பது நகரத்துக்கு அடியில் உள்ள நீரை அல்ல. கோலாலம்பூருக்கும் கிள்ளானுக்கும் வரும் குழாய்நீர் சிலாங்கூர், லங்காட், செமினி போன்ற ஆறுகளிலிருந்து வருகிறது. அவை தித்திவாங்சா மலைத்தொடரில் பிறப்பவை. அது பெரும்பாலும் கருங்கல் மலை. கருங்கல்லிலிருந்து கால்சியம் சுலபத்தில் கரையாது. அதனால் நம் குழாய்நீர் மென்னீர் வகையைச் சேர்ந்தது. சொந்த ஆழ்கிணறு வைத்திருப்பவர்களின் கதை வேறு.

குவளையில் நடந்தது என்ன?

கம்பிகளில் ஒன்று இரும்பு. மின்சாரம் பாய்ந்ததும் அந்த இரும்பே கரைந்து துருவாக மாறுகிறது. நாம் பார்த்த சாக்கடை நிறம் தண்ணீரின் அழுக்கு அல்ல, கம்பியின் துரு! வடிகட்டிய நீரில் உப்புகள் அநேகமாக இல்லை. அதனால் மின்சாரம் சரியாகப் பாயாது, நிறமும் மாறாது. அடுத்த முறை வருபவரிடம், "அண்ணே, உங்க குவளையிலும் ஒரு சிட்டிகை உப்பு போட்டுக் காட்டுங்க" என்று மரியாதையாகச் சொல்லுங்கள். அதுவும் அதே நிறமாகும். இதை வீட்டில் நீங்களே மின்சாரம் வைத்துச் செய்ய வேண்டாம், ஆபத்து.

அப்படியானால் நம் சாமான்கள் ஏன் கெடுகின்றன?

நம் ஊரில் பெரும்பாலும் காரணம் துருவும் வண்டலும்தான். பழைய குழாய்களில் படிந்திருப்பவை, தண்ணீர்த் தடைக்குப் பிறகு விநியோகம் திரும்பும் வேகத்தில் கிளம்பி வரும். குடிநீரில் இரும்பு லிட்டருக்கு 0.3 மில்லிகிராமைத் தாண்டக்கூடாது என்பது மலேசியத் தரம். அதற்குமேல் போனால் வெள்ளைத் துணியில் மஞ்சள் கறை பிடிக்கும்.

செய்ய வேண்டியவை:

1. தண்ணீர் திரும்பி வந்ததும் முதலில் வெளிக்குழாயைத் திறந்துவிடுங்கள். தெளிந்த பிறகே ஹீட்டரையும் வாஷிங் மெஷினையும் போடுங்கள். ஓடும் தண்ணீரை வாளியில் பிடித்துச் செடிக்கு ஊற்றலாம்.

2. வாஷிங் மெஷினில் தண்ணீர்க் குழாய் இணையும் இடத்தில் சின்ன வலை இருக்கும். மின்சாரத்தையும் குழாயையும் அடைத்துவிட்டு அதைக் கழற்றிப் பழைய பல்துலக்கியால் தேயுங்கள். "மெஷின்ல தண்ணி ஏறல" என்ற புகார் பல நேரம் இதோடு தீரும்.

3. துருக்கறைக்குக் குளோரின் பிளீச் போடாதீர்கள், கறை நிரந்தரமாகிவிடும். எலுமிச்சைச்சாறு தடவிக் கழுவுங்கள். பிளீச்சையும் புளிப்புப் பொருளையும் ஒருபோதும் சேர்க்காதீர்கள், நச்சு வாயு வரும்.

4. வாசலில் மணல் பில்டர் இருந்தால் வண்டலைப் பிடிக்கும், நல்லதுதான். ஆனால், ஒழுங்காகக் கழுவிவிடாவிட்டால் அதுவே அழுக்குக் கிடங்கு.

வார வகுப்பில் செய்து பார்க்க

ஒரே அளவான மூன்று போத்தல்கள் எடுங்கள். முதலில் கார் பேட்டரிக்கு ஊற்றும் வடிநீர், இரண்டாவதில் குழாய்நீர், மூன்றாவதில் மருந்துக்கடை எப்சம் உப்பு ஒரு சிட்டிகை கலந்த குழாய்நீர். மூன்றிலும் சவர்க்காரக் கட்டியிலிருந்து சுரண்டிய சீவலைச் சம அளவில் போட்டுக் குலுக்குங்கள். பாத்திரம் கழுவும் திரவம் இதற்கு உதவாது. மூன்றாவதில் நுரை குறைந்து, தயிர் திரிந்த மாதிரி வெள்ளையாக மிதக்கும். அதுதான் கடினநீர். உங்கள் வீட்டுக் குழாய்நீர் எந்தப் போத்தலைப் போல இருக்கிறது?

முடித்ததும் பேசுங்கள்: கண்ணால் பார்த்ததெல்லாம் சாட்சி ஆகிவிடுமா? நம் பெற்றோர் ஏன் உடனே நம்பினார்கள்? அவர்களை மட்டம் தட்டாமல் எப்படிப் புரிய வைப்பது?

பில்டர் வாங்குவது தப்பில்லை. தேவை தெரிந்து வாங்குங்கள், பயந்து வாங்காதீர்கள். அடுத்த முறை வாசலில் மணி அடித்தால் அம்மாவைத் தனியாக விடாதீர்கள். பக்கத்தில் போய் உட்காருங்கள்.