இலவசச் சான்றிதழை நம்பிப் படிக்கலாமா?

கேள்வி: டிக்கோயா பக்கம் ஒரு தோட்டத்தில் இருக்கிறேன். உயர்தரம் முடித்துவிட்டு ஹட்டன் டவுனில் ஒரு கொமியூனிகேஷனில் ரீலோட் போடவும் போட்டோகொப்பி எடுக்கவும் நிற்கிறேன். புரோகிராமிங் படிக்க ஆசை. கொழும்பில் கோர்ஸுக்குக் கேட்கிற காசை அம்மா கொழுந்து பறித்துக் கட்ட முடியாது. இணையத்தில் இலவசமாகவே சான்றிதழ் தருகிறார்களாம். “சும்மா கிடைக்கிறதை எந்தக் கம்பனி மதிக்கும்?” என்கிறார் அண்ணன். நம்பிப் படிக்கலாமா?
– வாசகி, ஹட்டன்

பதில்: தாராளமாகப் படியுங்கள் தங்கச்சி. ஆனால் அண்ணனின் கேள்வியைத் தள்ளிவிட வேண்டாம். அதற்குப் பதில் சான்றிதழில் மட்டும் இல்லை, அதோடு நீங்கள் செய்து காட்டும் வேலையில் இருக்கிறது.

மொரட்டுவைப் பல்கலைக்கழகத்தின் இணையவழிக் கற்கையில் தொடங்குங்கள். ‘ட்ரெய்னி ஃபுல் ஸ்டாக் டெவலப்பர்’ என்ற நெறியில் இணையப் பக்க வடிவமைப்பு, பைத்தன், சேர்வர் நிரலாக்கம் என்று ஆறு பாடங்கள் உண்டு. கட்டணம் இல்லை. மொரட்டுவை என்றால் யாரென்று கொழும்புக் கம்பனிகளுக்குச் சொல்லிக்கொடுக்கத் தேவையில்லை. குவின்சி லார்சன் 2014இல் தொடங்கிய ஃபிரீகோட்கேம்ப் என்ற இலவசக் கற்றல் தளமும் நல்லது. ஹார்வர்டின் சிஎஸ்50 பாடத்தை எடெக்ஸ் தளம் வழியாக எடுத்தால் சான்றிதழுக்குக் காசு கேட்பார்கள். அதே பயிற்சிகளையும் இறுதிச் செயற்றிட்டத்தையும் முடித்தால் சிஎஸ்50 தானே ஒரு சான்றிதழை இலவசமாகத் தருகிறது. பாடங்கள் பெரும்பாலும் ஆங்கிலத்தில்தான். தடுமாறும் இடங்களில் ‘கணியம்’ தளத்தின் பைத்தன், லினக்ஸ் பாடங்களைத் தமிழில் பாருங்கள்.

அரச வேலைதான் குறி என்றால் இவை போதாது. அதற்குத் தேசிய தொழிற்தகைமை, அதாவது என்.வி.கியூ., போன்ற அரச அங்கீகாரமுள்ள தகைமை வேண்டும்.

இனி, செய்து காட்டும் வேலைக்கு வருவோம். யாரும் பார்த்துத் திருத்தக்கூடிய மென்பொருள்களை எழுதும் திறந்த மூல உலகம் ஒருவரை எப்படி அங்கீகரிக்கிறது என்று பாருங்கள். அப்பாச்சி நிறுவனத்தின் மென்பொருள்களில் நேரடியாக மாற்றம் செய்யும் உரிமை பெற்றவரை ‘கமிட்டர்’ என்பார்கள். அதற்குப் பரீட்சையும் இல்லை, கட்டணமும் இல்லை. தொடர்ந்து நல்ல வேலை செய்தவரை, ஏற்கெனவே உள்ளே இருப்பவர்கள் கூடிச் சேர்த்துக்கொள்கிறார்கள். சஞ்சீவ வீரவரண முதலானோர் 2003இல் லங்கா சொஃப்ட்வெயார் ஃபவுண்டேஷனைத் தொடங்கிய பிறகு, இலங்கை இளைஞர் பலர் இந்த வழியாகத்தான் அப்பாச்சிக்குள் போனார்கள். ஆக்சிஸ்2 என்ற அப்பாச்சி மென்பொருளின் பெரும்பகுதி அவர்கள் எழுதியது. 2004 சுனாமி வந்த கையோடு இங்கே எழுதப்பட்ட ‘சஹானா’ என்ற அனர்த்த முகாமைத்துவ மென்பொருளுக்கு, ஃபிரீ சொஃப்ட்வெயார் ஃபவுண்டேஷன் 2006ஆம் ஆண்டின் சமூகப் பயன் விருதைக் கொடுத்தது. நம் தீவில் நடந்த இதை மலையகப் பிள்ளைகளுக்கு யாரும் போதுமான அளவு சொல்லவில்லை என்பது எனக்கு உண்மையிலேயே வருத்தம்.

உங்கள் முதல் வேலை மிகச் சிறியதாக இருக்கலாம். திறந்த மூல மென்பொருள்கள் பல இருக்கும் கிட்ஹப் தளத்தில், புதியவர்களுக்கென்று ‘குட் ஃபர்ஸ்ட் இஷ்யூ’ எனக் குறியிட்ட வேலை ஒன்றைத் தேடுங்கள், விளக்கக் குறிப்பில் உள்ள ஒரு பிழையானாலும் சரி. பென்சில் படத்தை அழுத்தினால் உலாவியிலேயே திருத்தலாம். முழு மென்பொருளையும் இறக்கி டேட்டாவைக் கரைக்க வேண்டியதில்லை. திருத்தத்தை அனுப்பியதும் பொறுப்பாளர் ஒருவர் வாசிப்பார். “இந்த வரியை மாற்று” என்று திருப்பி அனுப்பவும் கூடும். மனம் விட்டுவிடாதீர்கள், அனுபவசாலிகளுக்கும் அப்படித்தான் வரும். மாற்றி அனுப்புங்கள். ஏற்றுக்கொண்டால் உங்கள் பெயரும் திகதியும் அந்த மென்பொருளின் வரலாற்றில் பதிவாகும், யாரும் திறந்து பார்க்கலாம். இணையத்தளம் அமைக்கும் மென்பொருளான வேர்ட்பிரஸ்ஸில் இலங்கைத் தமிழுக்கென்றே தனி மொழிபெயர்ப்பு உண்டு. உங்கள் தமிழ் அங்கே நேரடியாக உதவும்.

நேர்முகத்தில் சான்றிதழைப் பார்க்கிறவர் அடுத்து, “நீ என்ன செய்திருக்கிறாய்?” என்றுதான் கேட்பார். அதனால் விண்ணப்பத்தில் சான்றிதழ் இணைப்புக்குக் கீழேயே இந்தத் திருத்தங்களின் இணைப்புகளையும் போடுங்கள். ஒரே நேரத்தில் நாலைந்து சான்றிதழ்களுக்கு ஓட வேண்டாம்.

சில மாதங்கள் இப்படிப் பழகியதும், திறந்த மூல மென்பொருள்களில் வேலை செய்யப் புதியவர்களைச் சேர்க்கும் கூகுள் சம்மர் ஒஃப் கோட் திட்டத்துக்கு விண்ணப்பியுங்கள். 2005இல் தொடங்கிய அதன் முதற் பத்து ஆண்டுகளில் உலகிலேயே அதிக மாணவர்களை அனுப்பியது மொரட்டுவைதான். 2022 முதல் பல்கலைக்கழக மாணவராக இருக்க வேண்டும் என்ற நிபந்தனையும் இல்லை. 18 வயது நிரம்பிய, திறந்த மூலத்துக்குப் புதியவர்களும் விண்ணப்பிக்கலாம். வேலையை முடித்தால் உதவித்தொகை உண்டு. வழமையாக மார்ச் மாதத்தில் விண்ணப்பம் கோருவார்கள்.