பழைய கணினிகளும் கிராமப் பணியும்

கிராமத்தின் செல்வத்தில் ஒரு சிறு பகுதியும் வீணாதல் கூடாது. தமிழக அரசு 2011-ஆம் ஆண்டு முதல் மாணவர்களுக்கு வழங்கிய மடிக்கணினிகள் மொரப்பூர் ஒன்றியத்து வீடுகள் பலவற்றில் உள்ளன. அவை மெதுவாக இயங்குகின்றன என்பதற்காக மூலையில் இட்டு வைத்தல் முறையன்று.

கணினியின் வட்டு தானியக் குதிர் போன்றது. நினைவகம் போரடிக்கும் களம் போன்றது. களம் சிறிதாயின் குதிர் பெரிதாயிருந்தும் வேலை விரைவில் முடியாது. விண்டோஸ் 11-க்குக் குறைந்தது 4 ஜிபி நினைவகம் வேண்டும். விண்டோஸ் 10-க்கு அளிக்கப்பட்ட பொது ஆதரவோ 2025 அக்டோபர் 14-ஆம் நாளோடு முடிவுற்றது. பாதுகாப்புத் திருத்தங்கள் பெறாத கணினியில் வங்கிக் கணக்கைத் திறப்பது ஆபத்தாகும்.

இதற்குத் தக்க மாற்று லினக்ஸ். பின்லாந்து நாட்டு மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ் 1991-இல் இதனைத் தொடங்கினார். இதன் பல வகைகள் விலையின்றிக் கிடைக்கின்றன. சென்னையிலுள்ள சி-டாக் நிறுவனம் உருவாக்கிய 'பாஸ்' என்பதும் இவ்வகையினதே. ஆயினும், மிகச் சிறிய நினைவகத்திற்கு இலேசான முகப்புடைய வகையே ஏற்றது. 'ஆன்டிஎக்ஸ்' என்பது 512 எம்பி நினைவகத்திலும் இயங்கும்படி அமைக்கப்பட்டது. 2023-இல் வந்த அதன் 23-ஆம் பதிப்பு 32 பிட், 64 பிட் ஆகிய இரு வகைக் கணினிகளுக்கும் உண்டு.

நிறுவும் முறை வருமாறு:

முதலாவதாக, கணினியிலுள்ள படங்கள், கணக்குகள், சான்றிதழ்கள் அனைத்தையும் வேறொரு வட்டில் படியெடுத்துக்கொள்ள வேண்டும். நிறுவும்போது அவை அழிந்துபோகக் கூடும்.

இரண்டாவதாக, நினைவகத்தின் அளவையும், கணினி 32 பிட்டா, 64 பிட்டா என்பதையும் அறிந்து, அதற்குரிய கோப்பை இறக்கி, 4 ஜிபி பென் டிரைவில் 'ரூஃபஸ்' போன்ற மென்பொருளால் எழுத வேண்டும். பென் டிரைவில் முன்பிருந்தவை அழிந்துவிடும்.

மூன்றாவதாக, பென் டிரைவைச் செருகிக் கணினியைத் தொடங்கி, எஃப்12 போன்ற விசையால் அதனைத் தேர்ந்தெடுக்க வேண்டும். எந்த விசை என்பது கணினிக்குக் கணினி வேறுபடும். வட்டில் எதையும் நிறுவாமலே லினக்ஸ் ஓடும். திரை, விசைப்பலகை, வைஃபை ஆகியவை ஒழுங்காக இயங்குகின்றனவா என்று பார்த்த பின்னரே நிறுவுதல் நலம்.

நான்காவதாக, நிறுவும்போது வட்டில் ஒரு பகுதியை இடமாற்றுப் பகுதியாக ஒதுக்க வேண்டும். களம் நிரம்பியபோது மூட்டைகளை ஒதுக்கி வைக்கும் திண்ணை போல அது உதவும். ஆனால் வட்டு நினைவகத்தைவிட வேகம் குறைந்ததாதலால், திண்ணையையே களமாக்கிவிட இயலாது.

இதனால் பழைய கணினி புதியதாகிவிடும் என எண்ணலாகாது. இன்றைய இணையப் பக்கங்களே நினைவகத்தைப் பெரிதும் விழுங்குகின்றன. 512 எம்பி உள்ள கணினியைக் கணக்கு எழுதவும் கடிதம் தட்டெழுதவும் கொள்க. 2 ஜிபி உள்ளதில், ஒரு வேளைக்கு ஒரு பக்கமாகத் திறந்து, பட்டா, சிட்டா விவரங்களைப் பார்க்கலாம்.

அலுவலகக் கணினிகளை மேலிட அனுமதியின்றி மாற்றலாகாது. வீட்டுக் கணினிகளுக்கு அத்தடையில்லை. ஊராட்சி உறுப்பினர்கள், படித்த இளைஞரின் துணையுடன், தத்தம் ஊரில் ஒரு கணினியையேனும் இம்முறையில் இயக்கிக் காட்டுவார்களாயின் மற்றவர் தாமே பின்பற்றுவர்.