குடந்தை மாணவரும் ஐந்தாம் படியும்

காவிரி வளங்கொழிக்கும் குடந்தை நகரில், சாரங்கபாணி சன்னிதித் தெருவில் வளர்ந்தவர் கணித மேதை சீனிவாச இராமானுஜன். டவுன் உயர்நிலைப் பள்ளியில் பயின்ற அவருக்கு, 1902 ஆம் ஆண்டில் முப்படிச் சமன்பாட்டைத் தீர்க்கும் முறை காட்டப்பெற்றது. கற்ற அளவில் அமையாது, நாற்படிச் சமன்பாட்டுக்குத் தாமே ஒரு வழி கண்டார். அடுத்த ஆண்டில் ஐம்படியை மேற்கொண்டார், அது வசப்படவில்லை. அதன் காரணம் விளங்கப் படியும் வரைபடமும் யாவை என முதற்கண் அறிதல் வேண்டும்.

உழவர் ஒருவர் நாற்பது கோல் நீளமுள்ள கயிற்றை நாற்புறமும் வளைத்துச் செவ்வகமாக நாற்றங்கால் அமைக்கின்றார் என்க. ஒரு பக்கம் ‘ப’ கோல் எனின், அடுத்த பக்கம் 20 - ப; பரப்பு 20ப - ப². பக்கம் 5 ஆயின் பரப்பு 75 சதுரக் கோல். 10 ஆயின் 100. 15 ஆயின் மீண்டும் 75. இவ்வாறு, மாறும் எண்ணொன்றின் படிகளை எண்களாற் பெருக்கிக் கூட்டியும் கழித்தும் அமைப்பது பல்லுறுப்புக் கோவை. அதனுள் மிக உயர்ந்த படியே கோவையின் படியாகும்; ஈண்டு அது இரண்டு.

பக்கத்தைக் கிடைக்கோட்டிலும் பரப்பை உயரத்திலும் குறித்துப் புள்ளிகளை இணைப்பின், பத்தில் உச்சியுடைய மேடொன்று தோன்றும். அது கிடைக்கோட்டை வெட்டும் 0, 20 ஆகிய இரண்டும் கோவையைச் சுழியாக்கும் தீர்வுகள். ஆங்கே நாற்றங்கால் இராது. கயிறுதான் இருமடியாய்க் கிடக்கும்!

படி உயர உயர வளைவுகளும் மிகக்கூடும். ஐம்படிக் கோவையின் வரைபடம் நான்கு முறைக்கு மேல் திரும்பாது; ஐந்து இடங்களுக்கு மேல் கிடைக்கோட்டை வெட்டாது. இரட்டைப் படியாயின் இரு முனைகளும் ஒரே பக்கம் செல்லும். ஆதலின் ப² + 1 போல, கோட்டைத் தீண்டாமலே போவதும் உண்டு. ஒற்றைப் படியிலோ ஒரு முனை மேலும் மற்றொன்று கீழும் செல்லும். தென்கரையில் நின்றவன் வடகரை சேர்ந்தான் எனின், எங்கேனும் ஓரிடத்தில் காவிரியைக் கடந்தே இருத்தல் வேண்டுமன்றோ? அவ்வாறே அறுபடாத இவ்வரையும் கோட்டைக் கடந்தே தீரும்.

ப⁵ - ப - 1 என்னும் கோவையை நோக்குக. ப = 1 எனின் மதிப்பு -1; ப = 2 எனின் 29. எனவே இடையில் ஒரு தீர்வு உண்டு. மேலும் நெருங்கினால் அது 1.16க்கும் 1.17க்கும் நடுவே அகப்படும். இன்னும் எத்தனை தசமத்தானமும் நெருங்கலாம். ஆயினும் கூட்டல், கழித்தல், பெருக்கல், வகுத்தல், மூலங்காணல் என்னும் ஐந்தால் மட்டும் அதனை எழுதிக் காட்ட இயலாது. ஐம்படிக்குப் பொதுவான அத்தகைய வாய்பாடே இல்லை என நார்வே நாட்டு ஏபெல் 1824 ஆம் ஆண்டிலேயே நிறுவிவிட்டார். அச்செய்தி எட்டாமையால், இல்லாத வாய்பாட்டைக் குடந்தை மாணவர் தேடினார்.

அதற்காக அவரை எள்ளுதற்கில்லை. ஏபெலும் பள்ளி மாணவராயிருந்தபோது ஐம்படியைத் தீர்த்துவிட்டதாகவே எண்ணியிருந்தார். எண்களால் ஓர் எடுத்துக்காட்டுச் செய்து தருமாறு அறிஞர் ஒருவர் கேட்க, அதனைச் செய்யப் புகுந்தபோதுதான் தம் பிழையைக் கண்டார்.