மழை முன்னறிவிப்பும் நம் சரக்கு மூட்டையும்



2023 டிசம்பர் 17, 18 தேதிகளை நம் மாவட்ட வியாபாரிகள் எளிதில் மறக்க முடியாது. 18-ந் தேதி காலை எட்டரை மணியோடு முடிந்த 24 மணி நேரத்தில் காயல்பட்டினத்தில் 95 செ.மீ., திருச்செந்தூரில் 69 செ.மீ., ஸ்ரீவைகுண்டத்தில் 62 செ.மீ. மழை கொட்டியது. கடைகளிலும் கிடங்குகளிலும் வெள்ளம் புகுந்தது. இத்தனைக்கும் அது பெயர் சூட்டிய புயல் அல்ல. குமரிக்கடல் பக்கம் நிலைகொண்ட வளிமண்டலச் சுழற்சிதான்.

முன்னறிவிப்பு வரவில்லையா? வந்தது. ஆனால் 20 செ.மீ.க்கு மேல் எவ்வளவு பெய்தாலும் "அதி கனமழை" என்ற ஒரே பெயர்தான். 21-க்கும் 95-க்கும் அந்தச் சொல்லில் வேறுபாடு இல்லை.

கணிப்பு முறை நம் பேரேடு போன்றது. ஆரம்ப இருப்பு தவறினால் இறுதிக் கணக்கும் தவறும். இன்றைய காற்று, ஈரப்பதம், வெப்பம் ஆகியவையே வானிலையின் ஆரம்ப இருப்பு. கடல்மேல் அளவுக் கருவிகள் குறைவு என்பதால் அங்கே கணக்கு இடறுகிறது.

அடுத்தது கட்டத்தின் அளவு. பூமியைச் சதுரக் கட்டங்களாகப் பிரித்தே கணினி கணக்கிடுகிறது. அப்போது இந்தியாவின் முக்கிய உலகக் கணிப்புக் கட்டம் சுமார் 12 கி.மீ.; அமெரிக்காவுடையது 13; ஐரோப்பிய மையத்துடையது 9. 2025 மே மாதம் இந்தியா 6 கி.மீ. கட்டம் கொண்ட 'பாரத்' கணிப்பு முறையைத் தொடங்கியது. இது நல்ல முன்னேற்றம். ஆனால் கட்டம் சிறுத்தால் மட்டும் போதாது. கடல் அளவீடுகளும் ரேடார்களும் பெருக வேண்டும்.

ஐரோப்பிய மையம் ஆரம்ப இருப்பைச் சிறிது சிறிது மாற்றி, ஒரே கணக்கை 51 முறை போட்டுப் பார்க்கிறது. பெரும்பாலானவை ஒத்துப்போனால் நம்பிக்கை கூடும். சிதறினால் எச்சரிக்கை தேவை. "இத்தனை செ.மீ.க்கு மேல் பெய்ய இத்தனை சதவிகித வாய்ப்பு" என்று நம் ஊருக்கும் சொல்லப்பட்டால் வியாபாரிக்குப் பெரும் பயன்.

அதுவரை நாம் செய்யத்தக்கவை:

1. ஐப்பசி முதல் மார்கழி வரை மூட்டைகளைத் தரையில் அடுக்காமல் உயரமான கட்டைமேல் அடுக்குக.

2. புயல் பெயர் வரட்டும் என்று காத்திராதீர். சிவப்பு எச்சரிக்கை வந்த அன்றே சர்க்கரை, மாவு, உப்பு ஆகியவற்றை முதலில் மேலேற்றுக.

3. கணக்கு நோட்டு, இன்சூரன்ஸ் பத்திரம், இருப்புப் பட்டியல் ஆகியவற்றின் நகலை வேறிடத்தில் வைக்கவும்.

முன்னறிவிப்பு என்பது வாக்குறுதி அல்ல, வாய்ப்புக் கணக்கு. லாப நஷ்டம் பார்த்துப் பழகிய நமக்கு அது புதிய பாடமல்லவே!